போரிங்கா போர்டா, டவுட்டா சஸ்பெக்டா? பேசும்போது தடுமாறும் ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும்

சொல்தேடி (கேள்வி)

வணக்கம். ஆங்கிலத்தில் குழப்பும் சொற்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. லெண்ட் என்றால் இரவல் கொடு, பாரோ என்றால் இரவல் வாங்கு. படித்தால் புரிகிறது, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்பவும் முடிகிறது. பேச வாயைத் திறந்தால் மட்டும் "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று வந்து விழுகிறது.

தடுமாறும் இடங்களை வகை பிரித்துத் தருகிறேன்.

முதலாவது, பொருளில் ஒட்டிப் பிறந்தவை: ரைஸ், ரெய்ஸ், லை, லே, ரிமெம்பர், ரிமைண்ட், போர்டு, போரிங். இரண்டாவது, காதுக்கு ஒன்றாகவே கேட்பவை: அறிவுரை என்ற பெயர்ச்சொல்லான அட்வைஸ், அறிவுரை சொல் என்ற வினைச்சொல்லான அட்வைஸ், தொலைத்துவிடு என்னும் லூஸ், தொளதொள என்னும் லூஸ், அஃபெக்ட், எஃபெக்ட். மூன்றாவது, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லும்போது பிசகுபவை: டவுட், பை, அன்டில், ஃபியூ, அ ஃபியூ. நான்காவது மரபுத்தொடர்கள். "புல் சம்ஒன்ஸ் லெக்" என்பதற்கு நேராகக் குறிப்பேட்டில் "காலை வாரிவிடு" என்று எழுதி வைத்திருந்தேன். அது தவறு என்று இப்போதுதான் தெரிகிறது. இன்னும் எத்தனை இப்படி இருக்கின்றனவோ.

இன்னொரு பட்டியல் வேண்டாம். பேசும் அந்த நொடியில் மனத்துக்குள் உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். உண்டா?

இலக்கணப்பித்தன்

உங்கள் முதல் வகைக்கு உரைகல் தமிழிலேயே இருக்கிறது. பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும்தான். திருந்து, திருத்து. உருள், உருட்டு. தானே நடந்தால் தன்வினை, இன்னொன்றை நடக்க வைத்தால் பிறவினை. ஆங்கிலத்தில் குழப்பும் ஜோடிகளில் பல இதே கணக்கில் அடங்கிவிடும்.

ரைஸ் என்றால் உயர். ரெய்ஸ் என்றால் உயர்த்து. மனத்துக்குள் தமிழ் வாக்கியத்தை ஓடவிட்டு, "எதை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "விலை உயர்ந்தது": எதை என்று கேட்க இடமில்லை, ஆகவே "த ப்ரைஸ் ரோஸ்". "விலையை உயர்த்தினார்கள்": விலையை என்று 'ஐ' உருபு வந்துவிட்டது, ஆகவே "தே ரெய்ஸ்டு த ப்ரைஸ்". ரைஸ் உருமாறும்: ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ் சமர்த்து, ஈ.டி. சேர்த்தால் போதும். (சம்பள உயர்வை அமெரிக்கர்கள் ரெய்ஸ் என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ரைஸ் என்பார்கள். அங்கே மட்டும் இந்தச் சோதனையைப் போடாதீர்கள்.)

லை, லே இரண்டும்தான் இதில் மிகப் பொல்லாதவை. சற்று நின்று பார்க்க வேண்டும். லை என்றால் கிட அல்லது படு, லே என்றால் கிடத்து அல்லது வை. இதுவரை சிக்கலில்லை. லை உருமாறும் வரிசை: லை, லே, லெய்ன். லே உருமாறும் வரிசை: லே, லெய்ட், லெய்ட். அதாவது முதல் சொல்லின் இறந்தகாலமும் இரண்டாவது சொல்லின் நிகழ்காலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. "நேற்று மதியம் சற்றுப் படுத்தேன்" என்பது "ஐ லே டவுன் யெஸ்டர்டே ஆஃப்டர்நூன்". "புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்" என்பது "ஐ லெய்ட் த புக் ஆன் த டேபிள்". ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே "ஐ ஆம் கோயிங் டு லே டவுன்" என்று பேசுவதைப் படங்களில் கேட்டிருப்பீர்கள். பேச்சில் அது ஓடிவிடும், எழுத்தில் ஓடாது. பொய் சொல்வதற்கும் லைதான். ஆனால் அதன் இறந்தகாலம் லைடு, வம்பில்லாமல் ஒரே வடிவம். பேச்சில் 'வை' என்ற பொருளுக்கு லேயைத் தேடிப் போகாமல் புட் போட்டுவிடுங்கள். "ஐ புட் த புக் ஆன் த டேபிள்" எந்த இடத்திலும் சரியான ஆங்கிலம்.

ரிமெம்பர் நினைவில் வைத்திரு, ரிமைண்ட் நினைவுபடுத்து. 'படுத்து' வந்தாலே பிறவினை, யாரை என்ற பதில் கட்டாயம்: "ரிமைண்ட் மீ டு கால் ஹிம்". "ரிமைண்ட் டு கால்" என்று ஆளை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: "ரிமெம்பர் டு லாக் த டோர்" என்றால் பூட்ட மறக்காதே; "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்" என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. முன்னது இனி நடக்க வேண்டியது, பின்னது நடந்து முடிந்தது.

போர்டு, போரிங், கன்ஃபியூஸ்டு, கன்ஃபியூசிங், இன்ட்ரஸ்டட், இன்ட்ரஸ்டிங் எல்லாம் ஒரே குடும்பம். இதற்குத் தமிழில் இருப்பதைவிட நல்ல சாவி கிடையாது: குழம்பு, குழப்பு. நான் குழம்பியிருந்தால் கன்ஃபியூஸ்டு, நான் பிறரைக் குழப்பினால் கன்ஃபியூசிங். சலிப்படைந்தால் போர்டு, சலிப்பூட்டினால் போரிங். 'அடை' வந்தால் ஈ.டி., 'ஊட்டு' வந்தால் ஐ.என்.ஜி. பொருள்களுக்கு ஐ.என்.ஜி., ஆட்களுக்கு ஈ.டி. என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிதான் சரி. "ஹி இஸ் போரிங்" இலக்கணப்படி ஒழுங்கான வாக்கியம், பொருள் "ஆள் ஒரே அறுவை". ஆகவே "ஐ ஆம் போரிங்" என்று சொன்னால் "நான் ஒரு அறுவை" என்று நீங்களே சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

லெண்ட், பாரோவுக்கு வேறு சோதனை. வாக்கியத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கேட்பவர் நீங்கள், "கேன் ஐ" என்று தொடங்கினால் பாரோ, "கேன் யூ" என்று தொடங்கினால் லெண்ட். "கேன் ஐ பாரோ யுவர் பென்?" "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" பாரோவுக்குப் பின் உடனே ஆள் வரமாட்டார், பொருள்தான் வரும், ஆளைச் சொல்ல வேண்டுமானால் ஃப்ரம் போட்டுச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தருவதற்குத்தான் பாரோ. இருந்த இடத்திலேயே பயன்படுத்துவதானால் யூஸ். "கேன் ஐ பாரோ யுவர் பாத்ரூம்?" என்றால் கழற்றிக் கொண்டுபோவது போல ஆகிவிடும்.

ஒலிப்பெட்டி

இலக்கணப்பித்தன் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ஓப்பன், பிரேக் போன்றவற்றில் ஆங்கிலம் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறது. "த டோர் ஓப்பன்டு", "ஐ ஓப்பன்டு த டோர்". நம்மிடமும் அப்படித்தானே: கதவு திறந்தது, கதவைத் திறந்தேன். அதனால் எல்லாவற்றுக்கும் ஜோடி தேட வேண்டாம். இதில் தடுக்கி விழும் இடம் வேறு. கடை திறந்திருக்கிறது என்பதற்கு "த ஷாப் இஸ் ஓப்பன்", மூடியிருக்கிறது என்பதற்கு "த ஷாப் இஸ் க்ளோஸ்டு". ஒன்றில் ஈ.டி. இல்லை, மற்றதில் உண்டு. கதவில் தொங்கும் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும்.

இனி இரண்டாவது வகை. அவை காதுக்கு ஒன்றாகக் கேட்பதற்குக் காரணம், ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட்டின் ஒலி தமிழில் இல்லை. இரண்டையும் 'ஸ்' என்றே எழுதுகிறோம், 'ஸ்' என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு ஒலிகள். விரலைத் தொண்டைமேல் வைத்துக்கொண்டு பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுங்கள்: தொண்டை அதிராது. நாக்கை அசைக்காமல் அப்படியே வண்டு ரீங்கரிப்பது போலக் குரலைச் சேருங்கள்: விரலுக்குக் கீழே அதிரும். முதலாவது சீறல், இரண்டாவது ரீங்காரம்.

இப்போது பாருங்கள். பெயர்ச்சொல் அட்வைஸ் சீறலில் முடிகிறது, எழுத்து சி. வினைச்சொல் அட்வைஸ் ரீங்காரத்தில் முடிகிறது, எழுத்து எஸ். யூஸ் (பயன்), யூஸ் (பயன்படுத்து), எக்ஸ்க்யூஸ் (சாக்கு), எக்ஸ்க்யூஸ் (மன்னி), ஹவுஸ் (வீடு), ஹவுஸ் (தங்க இடம் கொடு) எல்லாம் எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. வினை என்றால் ரீங்காரம், அவ்வளவுதான். லூஸும் இதற்குள் வந்துவிடுகிறது: தொலைத்துவிடு என்பது வினை, ஆகவே ரீங்காரம், ஒரே ஓ. தொளதொள என்பது வினையல்ல, ஆகவே சீறல், இரண்டு ஓ. "ஐ டோன்ட் வான்ட் டு லூஸ் யூ" என்று எழுதும்போது இரண்டு ஓ விழுந்தால் பொருளே கெட்டுப்போகும்.

ரீங்காரம் வராதவர்களுக்கு இன்னொரு உபாயம். முன்னால் இருக்கும் உயிரொலியின் நீளத்தை மாற்றுங்கள். விலை என்ற ப்ரைஸில் 'ஐ' ஒலி வெட்டுப்பட்டுக் குறுகும்; பரிசு என்ற ப்ரைஸில் அது நீளும். ஆங்கிலக் காது கடைசி மெய்யைவிட இந்த நீளத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. ரீங்காரம் அரைகுறையாக வந்தாலும் நீளம் சரியாக இருந்தால் புரிந்துகொள்வார்கள்.

ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டுக்கும் இந்த ஒலிச் சோதனை செல்லாது, பெயருக்கும் வினைக்கும் ஒலி ஒன்றே. பிரிட்டிஷ் எழுத்தில் பெயருக்கு சி, வினைக்கு எஸ். அட்வைஸை மாதிரியாக வைத்துக்கொண்டால் மறக்காது. அமெரிக்க எழுத்தில் ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ்.

அஃபெக்ட், எஃபெக்ட்: வேகமாகப் பேசினால் ஆங்கிலேயர் வாயிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கேட்கும், ஆக இது எழுத்துச் சிக்கல் மட்டுமே. முன்னால் 'த' அல்லது 'ஆன்' போட முடிந்தால் அது விளைவு, ஈ எழுத்து. பாதிப்பது என்றால் ஏ எழுத்து. ஆக்‌ஷனுக்கு ஏ, என்ட் ரிசல்ட்டுக்கு ஈ. விதிவிலக்கு ஒன்று: "எஃபெக்ட் அ சேஞ்ச்" என்று ஈ எழுத்தோடு வினையாக வந்தால் ஒரு மாற்றத்தை நிகழ்த்திக் காட்டு என்று பொருள். "அஃபெக்ட் அ சேஞ்ச்" என்று எழுதிவிடாதீர்கள்.

ஸ்டேஷனரி இரண்டும் பிறப்பில் ஒன்றுதான். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கூவித் திரிந்து விற்றவர்கள் ஒருபுறம். ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். அவரிடம் வாங்குவது ஸ்டேஷனரி. தாள், உறை என்றால் என்வலப்பில் வரும் ஈ. நகராமல் நிற்பது என்றால் ஏ.

நுண்பொருள்

மூன்றாவது வகையில் டவுட்டை எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் உறவே கெடும் அளவுக்குப் பிழை நேர்கிறது.

தமிழில் சந்தேகம் ஒரே சொல். வகுப்பில் ஆசிரியரிடம் கேட்பதும் சந்தேகம், ஒருவர்மேல் நம்பிக்கை இல்லாததும் சந்தேகம், அவர்தான் செய்திருப்பார் என்று நினைப்பதும் சந்தேகம். ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று சொற்கள். முதலாவது க்வெஸ்சன். "ஐ ஹேவ் அ டவுட்" என்று நம்மவர்களிடம் சொன்னால் கேள்வி என்று புரியும். மற்ற நாட்டவரிடம் "ஐ ஹேவ் அ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட்" என்றால், உங்கள் அறிக்கையை நான் நம்பவில்லை என்று காதில் விழும். "ஐ ஹேவ் அ க்வெஸ்சன்" என்று மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

மற்ற இரண்டும் நேர் எதிர். டவுட் என்றால் இருக்காது என்று நினைப்பது. சஸ்பெக்ட் என்றால் இருக்கும் என்று நினைப்பது. "அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகப்படறேன்" என்பதை "ஐ டவுட் ஹி டுக் இட்" என்று சொன்னால், அவன் எடுத்திருக்க மாட்டான் என்று பொருள் போய்ச் சேரும். குற்றம் சாட்ட வந்தவர் வக்காலத்து வாங்கியவராகிவிடுவார். சொல்ல வேண்டியது "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்". சோதனை எளிது. சந்தேகம் என்பதை எடுத்துவிட்டு "இருக்கும்" அல்லது "இருக்காது" போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்குரிய சொல்.

பை, அன்டில் இரண்டுக்கும் தமிழ் துணை நிற்கிறது. 'க்குள்' என்றால் பை, 'வரை' என்றால் அன்டில். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு: "செண்ட் இட் பை ஃப்ரைடே". வெள்ளிக்கிழமை வரை தங்கு: "ஸ்டே அன்டில் ஃப்ரைடே". ஒரு தடவை நடந்து முடிவதற்குக் கெடு பை. தொடர்ந்து நடப்பதற்கு எல்லை அன்டில். கவனிக்க வேண்டியது எதிர்மறை. "நீ முடிக்காத வரை போக முடியாது" என்பதை அப்படியே பெயர்த்து "அன்டில் யூ டோன்ட் ஃபினிஷ்" என்கிறோம். ஆங்கிலத்தில் அன்டிலுக்குள்ளேயே அந்த 'இன்னும் இல்லை' அடங்கியிருக்கிறது: "யூ கேன்ட் கோ அன்டில் யூ ஃபினிஷ்". "ஹி டிடின்ட் கம் அன்டில் ஃபைவ்" என்றால் 5 மணிக்கு வந்துவிட்டார் என்பதும் அதில் சேர்த்தி. தமிழில் "5 மணி வரை வரவில்லை" என்றால் பிறகு வந்தாரா என்பது தெரியாது.

சின்ஸ், ஃபார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதே கணக்கு. 'இலிருந்து' சின்ஸ், 'ஆக' ஃபார். 2019இலிருந்து, இரண்டு வருடமாக. வினை மட்டும் "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்" என்று இருக்க வேண்டும், "ஐ ஆம் ஒர்க்கிங்" ஆகாது.

ஃபியூ, அ ஃபியூ: நடுவில் இருக்கும் அந்த 'அ' நம் காதில் விழுவதே இல்லை, தமிழில் அதற்கு ஈடான சொல் வழக்கத்தில் இல்லாததால். ஆனால் வாக்கியத்தின் முகமே அதில் மாறுகிறது. "அ ஃபியூ பீப்பிள் கேம்" என்றால் சிலர் வந்தார்கள். "ஃபியூ பீப்பிள் கேம்" என்றால் சிலர்தான் வந்தார்கள். தமிழ் 'தான்' போட்டு வரும் ஏமாற்றம் எல்லாம் அதில் இருக்கிறது. லிட்டில், அ லிட்டிலும் இப்படியே. உதவி கேட்டு வந்தவரிடம் "ஐ ஹேவ் லிட்டில் டைம்" என்றால் கதவைச் சாத்துகிறீர்கள், "ஐ ஹேவ் அ லிட்டில் டைம்" என்றால் உட்காரச் சொல்கிறீர்கள். "க்வைட் அ ஃபியூ" என்று வந்தால் மட்டும் ஏமாறாதீர்கள், அதற்குப் பொருள் நிறையப் பேர்.

சொல்வழக்கு

மரபுத்தொடர்களுக்கு மேலே சொன்ன வழி அப்படியே தலைகீழ். சொற்களில் தமிழ் கைகொடுக்கிறது, தொடர்களில் தமிழ்தான் குழி. காரணம், இரண்டு மொழிகளும் கை, கால், வயிறு, தலை என்று உடம்பை வைத்தே தொடர்களைக் கட்டுகின்றன. படம் ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும்.

காலை வாரிவிடுவது துரோகம். "புல் சம்ஒன்ஸ் லெக்" விளையாட்டுக்குக் கலாய்ப்பது, பொய்யைச் சொல்லி நம்பவைத்துச் சிரிப்பது. "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்றால் "சும்மா கலாய்க்கிறியா?" அவ்வளவே. துரோகத்துக்கு ஆங்கிலத்தில் "ஸ்டேப் சம்ஒன் இன் த பேக்", நம் முதுகில் குத்துவதேதான்.

கருப்பு ஆடு இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்திலிருந்து வந்த தொடர், தமிழில் பொருள் நகர்ந்துவிட்டது. நமக்கு அது கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் காட்டிக்கொடுப்பவன். ஆங்கிலத்தில் "த ப்ளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி" என்றால் குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித் தந்தவர் அல்லது குடும்பத்தோடு ஒட்டாதவர். அவர் யாரையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. உள்ளிருந்து தகவல் கசியவிடுபவருக்கு ஆங்கிலச் சொல் மோல்.

வயிற்றெரிச்சலை "மை ஸ்டமக் இஸ் பர்னிங்" என்று பெயர்த்தால் அஜீரணம் என்று நினைத்து மாத்திரை தருவார்கள். பொறாமைக்கு "க்ரீன் வித் என்வி". தலைக்கனத்துக்கு "ஹெட் வெயிட்" என்று ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லை, "பிக் ஹெடட்" என்பார்கள். ஒரே கல்லில் நாம் அடிப்பது இரண்டு மாங்காய், அவர்கள் அடிப்பது இரண்டு பறவை, பொருள் ஒன்று. மூக்கை நுழைப்பது, முதலைக் கண்ணீர், கைகழுவி விடுவது ஆகியவை இரண்டு மொழியிலும் ஒத்துப்போகின்றன, தைரியமாகப் பயன்படுத்தலாம். கைகழுவும்போது மட்டும் "வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்" என்று ஆஃப் வர வேண்டும்.

ஒவ்வொரு தொடருக்கும் பொருளைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, எது அசையும், எது அசையாது. "புல் சம்ஒன்ஸ் லெக்"கில் சம்ஒன்ஸ் இருக்கும் இடம் காலிக் கட்டம், மை, யுவர், ஹிஸ் எது வேண்டுமானாலும் வரும். லெக்கை லெக்ஸ் ஆக்கினால் தொடர் செத்துவிடும். "இட் வாஸ் அ பீஸ் ஆஃப் கேக்" என்றால் சுலபமாக முடிந்தது. "அ பீஸ் ஆஃப் த கேக்" என்று ஒரு 'த' சேர்ந்தால் தின்னும் கேக். "ஸ்பில் த பீன்ஸ்" என்பதை "த பீன்ஸ் வேர் ஸ்பில்டு" என்று செயப்பாட்டு வினையாக்கினாலும் ரகசியம் வெளியான பொருள் நிற்கும். "கிக் த பக்கெட்"டை அப்படித் திருப்பினால் வெறும் வாளிதான் உதைபடும்.

இரண்டு, யார் யாரிடம் சொல்வது. அந்த "கிக் த பக்கெட்" நம் 'மண்டையைப் போடு'வுக்கு இணை. இரங்கல் செய்தியில் அதை எழுதினால் என்ன ஆகும் என்று தமிழில் யோசித்துப் பாருங்கள். அங்கே "பாஸ் அவே". "அண்டர் த வெதர்" லேசான தலைவலி, சளிக்கு மட்டும். அறுவை சிகிச்சைக்குப் படுத்திருப்பவருக்குச் சொன்னால் அலட்சியமாகக் கேட்கும். "பிரேக் அ லெக்" மேடை ஏறப்போகிறவருக்கு வாழ்த்து. "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" பாடப்புத்தகத்தில் வாழ்கிறது, இன்றைய பேச்சில் "இட்ஸ் போரிங்" என்று, அதாவது பி, ஓ, யூ, ஆர் எழுத்துகளோடு வரும் 'கொட்டு' என்ற வினையால் சொல்லிவிடுவார்கள். அலுப்பூட்டும் போரிங் வேறு, அதன் முதல் எழுத்து ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து, குழம்பாதீர்கள்: மழை கொட்டுவது உதட்டைச் சேர்த்து வெடிக்கும் 'பாட்டு' பகரம், அலுப்பு 'அம்பு' பகரம்.

நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. கூட்டத்தில் "லெட்ஸ் டேபிள் இட்" என்றால் பிரிட்டனில் இப்போது விவாதிக்க எடுத்துவைப்போம். அமெரிக்காவில் இப்போதைக்கு ஒத்திவைப்போம். இரண்டு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள்.

"ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்" நம் "அத்தி பூத்தாற்போல". ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை ப்ளூ மூன் என்பது 1946இல் ஒரு வானியல் இதழில் வந்த பிழையால் பரவியது. கணக்குப்படி அது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரும். தொடருக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை, மிக அபூர்வமாக என்பது மட்டுமே பொருள். பொதுவாகவே தொடர்களின் பிறப்புக் கதைகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கூரையிலிருந்து நாயும் பூனையும் விழுந்தன என்பது போல இணையத்தில் சுற்றும் கதைகளில் பல ஆதாரமற்றவை, பேசுவதற்கும் உதவாது.

சொல்தேடி

மிக்க நன்றி. குழம்பு, குழப்பு மனத்தில் ஒட்டிக்கொண்டது. சில வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன், திருத்தித் தர முடியுமா?

1. ஐ ஆம் எக்சைட்டிங் அபவுட் த நியூ ஜாப்.
2. ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ. (நாளைக்கு நினைவுபடுத்துங்கள்)
3. வீ டிஸ்கஸ்டு அபவுட் த பிளான். ஹி வில் செண்ட் இட் டில் மண்டே.
4. ஐ ஆம் யூஸ்டு டு வேக் அப் லேட், பட் நாட் நவ்.
5. ஷி இஸ் ஹார்ட்லி ஒர்க்கிங். (கடுமையாக உழைக்கிறார்)

இலக்கணப்பித்தன்

முதலாவது எக்சைட்டட். உற்சாகமடைந்தது நீங்கள், ஊட்டியது வேலை.

இரண்டாவது ரிமைண்ட். நீங்கள் எழுதியதும் ஒழுங்கான வாக்கியம்தான், ஆனால் "நாளைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று பிரிந்து போகிறவர் விடைபெறுவது போல இருக்கிறது.

மூன்றாவதில் இரண்டு பிழை. டிஸ்கஸுக்குப் பின் அபவுட் வராது: "வீ டிஸ்கஸ்டு த பிளான்". டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்குத்தான் அபவுட் தேவை, அங்கிருந்துதான் அது வினைக்குத் தாவுகிறது. திங்கட்கிழமைக்குள் என்பதால் "பை மண்டே". டில்லும் அன்டிலும் ஒரே பொருள்.

நான்காவதில் "ஐ ஆம்"மில் இருக்கும் ஆமை எடுத்துவிட்டால் சரி: "ஐ யூஸ்டு டு வேக் அப் லேட்", முன்பு தாமதமாக எழுவேன், இப்போது இல்லை. ஆமை வைத்துக்கொண்டால் பழகிவிட்டது என்ற பொருள், அப்போது வினை ஐ.என்.ஜி. ஆக வேண்டும்: "ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் லேட்".

ஐந்தாவதை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லை என்று பொருள், அவர் வேலையே செய்வதில்லை என்று சொல்லிவிட்டீர்கள். "ஷி ஒர்க்ஸ் ஹார்ட்". ஹார்ட் வினைக்கு அடையாக வரும்போதும் எல்.ஒய். ஏற்காது. லேட், லேட்லியும் அப்படியே: தாமதமாக வந்தார் என்பது "ஹி கேம் லேட்", லேட்லி என்றால் சமீபகாலமாக.

நுண்பொருள்

எப்படிப் பழகுவது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். குழப்பும் ஜோடியை ஒரே நாளில், ஒரே பக்கத்தில், அருகருகே எழுதிப் படிக்காதீர்கள். சொற்களைக் கற்பது பற்றி ஆய்ந்த மொழியியலாளர் பால் நேஷன், பொருளில் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்றால் அவை ஒன்றையொன்று இடறும் என்று விளக்கியிருக்கிறார். லெண்டை இந்த வாரம் பழகுங்கள்: "லெண்ட் மீ" என்று தொடங்கும் ஐந்து சொந்த வாக்கியம், வாய்விட்டு, கைப்பேசியில் பதிவுசெய்து. அது யோசிக்காமல் வரத் தொடங்கிய பிறகு பாரோ.

அட்டையில் சொல்லை மட்டும் எழுதாமல் அதன் கூட்டாளியையும் எழுதுங்கள்: பாரோ, பக்கத்தில் ஃப்ரம். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் சொல்லுக்கு அடுத்து எஸ்.பி., எஸ்.டி.ஹெச். என்று சுருக்கமாக இருக்கும். முன்னது சம்படி, பின்னது சம்திங். "லெண்ட் எஸ்.பி. எஸ்.டி.ஹெச்." என்றால் முதலில் ஆள், பிறகு பொருள். பலரும் தாண்டிப் போகும் இந்த இரண்டு சுருக்கங்களில்தான் பாதி விடை இருக்கிறது.

சரிபார்க்க கூகுள் என்கிராம் வியூவர் இருக்கிறது. "கேன் யூ லெண்ட் மீ", "கேன் யூ பாரோ மீ" இரண்டையும் நடுவில் காற்புள்ளி போட்டு ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடாகக் காட்டும். ஒரு தொடரில் 5 சொல் வரைதான் ஏற்கும். 40 புத்தகங்களுக்குக் குறைவாக வந்த தொடரை அது கணக்கில் எடுக்காது, ஆகவே ஒன்றுக்குக் கோடே வரவில்லை என்றால் அதைப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம்.